இரண்டாவது மேட்சில் கால் ஏன் வராமல் போகிறது?

கேள்வி: எனக்கு 19 வயது. பேட்மின்டன் ஒற்றையர் ஆடுகிறேன், எடை 68 கிலோ. தேசிய அளவிலான போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு மேட்ச் வந்துவிடுகிறது. முதல் மேட்சை நன்றாக ஆடிவிடுகிறேன். இரண்டாவது மேட்ச் மூன்றாவது கேம் வரை போனால் கால் கனக்கிறது, கை நடுங்குகிறது, ஷட்டில் எங்கே விழும் என்று தெரிந்தும் போய்ச் சேர முடிவதில்லை. ஒரு சாம்பியனின் உணவுமுறை பற்றி வீடியோ பார்த்துவிட்டு மூன்று மாதமாகச் சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முதல் வாரமே 2 கிலோ குறைந்தது. போட்டி அன்று காலையில் இரண்டு முட்டையும் பால் இல்லாத காபியும்தான். மேட்சுகளுக்கு நடுவில் வயிறு கனக்கும் என்று எதுவும் சாப்பிடுவதில்லை, தண்ணீர் மட்டும் நிறையக் குடிப்பேன். போன போட்டியில் நண்பன் கொடுத்த எனர்ஜி ஜெல்லை காலிறுதியில் முதல்முறையாகச் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. உலகத் தரத்தில் ஆடுகிறவர்கள் போட்டி அன்று உண்மையில் என்னதான் சாப்பிடுகிறார்கள்? அதையே நானும் சாப்பிட்டால் சரியாகிவிடுமா? காஃபின் மாத்திரை எடுக்கலாமா?

பதில்:

தம்பி, மூன்றாவது கேமில் உங்களுக்கு நடப்பதை மனஉறுதிக் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு முட்டையோடு அரங்குக்குப் போய், ஒரு மேட்ச் ஆடி ஜெயித்து, நடுவில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த மேட்சையும் மூன்றாவது கேம் வரை இழுத்திருக்கிறீர்கள். உங்களிடம் உறுதி நிறையவே இருக்கிறது. சாப்பாடுதான் இல்லை.

உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் சுமார் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம், அவ்வளவுதான் கொள்ளளவு. கொழுப்பு ஒல்லியான வீரரிடம்கூட ஏராளமாக இருக்கும், ஆனால் அது நிதானமாகத்தான் எரியும். மெதுவாக ஓடுகிறவருக்கு அது போதும். நெட் ஓரத்தில் பாய்ந்து ஷட்டிலை எடுத்து, அடுத்த நொடியே பின்கோட்டுக்கு ஓடி எகிறி ஸ்மாஷ் அடிக்கிறீர்களே, அந்த வேகத்துக்குத் தசை கேட்கும் சக்தியை மாவுச்சத்தால்தான் கொடுக்க முடியும். அதோடு இரவு முழுக்க நீங்கள் தூங்கும்போதும் மூளை குளுக்கோஸை எடுத்துக்கொண்டே இருப்பதால், காலையில் எழும்போது கல்லீரலின் இருப்பு பெருமளவு கரைந்திருக்கும். அதை நிரப்பத்தான் போட்டி நாளின் காலைச் சாப்பாடு. முட்டை நல்ல உணவு, அதில் சந்தேகமில்லை, ஆனால் அதில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

முதல் வாரம் குறைந்த அந்த 2 கிலோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தில் அதைக் கொஞ்சம் பெருமையாக எழுதியிருப்பதாகப் பட்டது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இருப்பு தீரும், கூடவே அந்தத் தண்ணீரும் போகும், தராசு முள் சட்டென்று இறங்கும். அப்படிக் குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, கோர்ட்டில் உங்களுக்குத் தேவைப்பட்ட எரிபொருள். மல்யுத்தம் மாதிரி எடைப் பிரிவுள்ள விளையாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லாமல் எடையோடு போராட வேண்டியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் வெறும் 100 கிராம் கூடுதலுக்காக இறுதிப் போட்டியை இழந்ததை எல்லோரும் பார்த்தோம். உங்கள் ஆட்டத்தில் யாரும் உங்களைத் தராசில் ஏற்றப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தத் தண்டனை?

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1924-ல் பாஸ்டன் மாரத்தான் முடிந்ததும் சில ஓட்டக்காரர்களின் ரத்தத்தில் சர்க்கரை அளவைச் சோதித்தார்கள். தள்ளாடி வந்து சரிந்தவர்களுக்கு அது மிகக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு, முந்தைய நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது இனிப்பு மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக வந்து சேர்ந்தார்கள். நூறு ஆண்டு ஆகிவிட்டது, இன்னமும் அதே பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் கோர்ட்டில் தோற்றுத்தான் கற்றுக்கொள்கிறது என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

சரி, சாம்பியன்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.69 நொடியில் ஓடி உலக சாதனை செய்தார். அந்த நாட்களில் அவர் பெரும்பாலும் சாப்பிட்டது மெக்டொனால்ட்ஸின் சிக்கன் நக்கெட்ஸ் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்து நீங்களும் நக்கெட்ஸ் வாங்கினால் வேகம் வருமா? அவர் அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள்: பழக்கமில்லாத ஊரில் பழக்கமில்லாத சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்ற பயம். தனக்குத் தெரிந்த, வயிறு ஏற்றுக்கொள்ளும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதே ஒலிம்பிக்கில் 8 தங்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தினமும் 12,000 கலோரி சாப்பிட்டார் என்று உலகமே பேசியது. அவ்வளவு சாப்பிட்டதே இல்லை என்று அவரே பிறகு மறுத்துவிட்டார். டென்னிஸ் வீரர் நோவாக் ஜோகோவிச் கோதுமையை விட்டார் என்று கேட்டதும் பலர் மாவுச்சத்தையே விட்டுவிடுகிறார்கள். அவர் விட்டது குளூட்டனை, அதாவது கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தை. பேரீச்சம்பழம் அவர் பையில் இருக்கும், அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில் நடாலோடு 5 மணி 53 நிமிடம் ஆடினார். இரண்டு முட்டையை நம்பி யாரும் அப்படி ஆட முடியாது.

நீங்கள் பார்த்த வீடியோ எது என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், ஒரு சாம்பியன் கேமரா முன்னால் காட்டும் தட்டு பெரும்பாலும் போட்டி இல்லாத நாளின் தட்டு. சாதாரண நாளில் காய்கறி, பருப்பு, கொட்டைகள், முழுத்தானியம் என்று நார்ச்சத்து நிறைந்த சாப்பாடு ரொம்ப நல்லது. போட்டிக்கு முந்தைய நாளும் போட்டி அன்றும் அதே ஆட்கள் வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, ஜாம், பழச்சாறு என்று மாறிவிடுவார்கள், அதாவது மற்ற நாட்களில் அவர்களுக்கே நாங்கள் அளவாகச் சாப்பிடச் சொல்லும் உணவுகள். சீக்கிரம் செரிக்க வேண்டும், குடலில் தங்கக் கூடாது, வேண்டிய அளவு மாவுச்சத்து வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அன்றைய கணக்கு. போட்டி நாள் தட்டில் ஆரோக்கியத்தைத் தேடாதீர்கள், அதற்கு மீதி நாட்கள் இருக்கின்றன.

மாவுச்சத்தே இல்லாமல், கொழுப்பை எரிக்க உடம்பைப் பழக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் லூயிஸ் பர்க்கின் குழுவினர் உலகத் தர நடைப் போட்டி வீரர்களை வைத்து இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். மூன்று வாரம் கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு என்று சாப்பிட்டவர்களின் உடம்பு நிஜமாகவே கொழுப்பை அதிகம் எரிக்கப் பழகியது. ஆனால் அதே வேகத்தில் நடக்க முன்பைவிடக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்டவர்கள் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் முன்னேறினார்கள், இவர்கள் முன்னேறவில்லை. நடைக்கே இந்தக் கதி என்றால் பேட்மின்டனுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் நாளைப் பார்ப்போம். முந்தைய இரவு வழக்கமான நேரத்துக்கு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சோறோ பாஸ்தாவோ உருளைக்கிழங்கோ, கூடவே கொஞ்சம் மீனோ கோழியோ முட்டையோ. எண்ணெய், காரம், பயறு வகை, பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 2 கிராம் மாவுச்சத்து, அதாவது உங்களுக்கு 135 கிராம் அளவில். கேட்க மலைப்பாக இருக்கும், தட்டில் பார்த்தால் அவ்வளவு இல்லை: நான்கு துண்டு ரொட்டி, அதில் இரண்டு மேசைக்கரண்டி ஜாமோ தேனோ, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பழச்சாறு, கணக்கு முடிந்தது. முட்டை பிடிக்கும் என்றால் ஒன்றை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் சாப்பிடாதீர்கள். படபடப்பில் தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்கிறதா? பாலில் வாழைப்பழமும் கொஞ்சம் ஓட்ஸும் தேனும் போட்டு அரைத்துக் குடியுங்கள். திரவமாக இருந்தால் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்கிவிடும், பதற்றத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

பேட்மின்டனில் பெரிய தலைவலி சாப்பாட்டைவிட நேரம்தான் என்பது உங்களுக்கே தெரியும். "கோர்ட் 3, நான்காவது மேட்ச்" என்று போட்டிருப்பார்கள். முன்னால் இருக்கும் மூன்றும் சீக்கிரம் முடிந்தால் பதினொரு மணிக்கே கூப்பிடுவார்கள், ஒவ்வொன்றும் மூன்று கேம் போனால் மதியம் ஒரு மணிகூட ஆகலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எப்போது கூப்பிடுவார்களோ என்று பயந்து எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்து, காலையில் சாப்பிட்டது முழுக்க செரித்து முடிந்த பிறகு கோர்ட்டில் இறங்குகிறார்கள். நான் என்னிடம் வரும் வீரர்களுக்குச் சொல்வது இதுதான்: எவ்வளவு சீக்கிரம் கூப்பிட வாய்ப்பு இருக்கிறதோ அந்த நேரத்தை வைத்து மூன்று மணி நேரம் முன்னால் பெரிய சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25, 30 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். ஒரு வாழைப்பழம், அல்லது ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டியில் முக்கால்வாசி, அல்லது அரை லிட்டர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கை உறிஞ்சி உறிஞ்சி. வயிறு நிறையாது, இருப்பும் இறங்காது. உங்களுக்கு முந்தைய மேட்சின் இரண்டாவது கேம் தொடங்கியதும் திட உணவை நிறுத்திவிட்டு வார்ம் அப்புக்குக் கிளம்பிவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலருக்கு ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போது இனிப்பாக எதையாவது சாப்பிட்டால், இன்சுலின் ஏறி, ஆட ஆரம்பித்ததும் சர்க்கரை சற்று இறங்கி, முதல் சில நிமிடம் மந்தமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நல்ல வார்ம் அப்பிலேயே அது சரியாகிவிடும். உங்களுக்கு எப்படி என்று பயிற்சியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மந்தம் தெரிகிறது என்றால் அந்த இனிப்பை வார்ம் அப் முடிந்து, கோர்ட்டில் இறங்குவதற்குச் சில நிமிடம் முன்பு சாப்பிடுங்கள்.

ஆட்டத்துக்கு நடுவே உங்களுக்குக் கிடைப்பது கேம் நடுவில் 60 நொடி, கேம்களுக்கு இடையில் 120 நொடி. அந்த 60 நொடியில் கோச் பேச வேண்டும், துண்டால் துடைக்க வேண்டும், மூச்சு இறங்க வேண்டும், இதில் மெல்லுவதற்கு நேரம் ஏது? அதனால் முதல் இடைவேளையில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் நாலைந்து வாய் போதும். கேம் முடிந்து வரும் இரண்டு நிமிடத்தில் முதல் வேலையாக அரை வாழைப்பழம், பிறகு கோச் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டியதைக் குடியுங்கள். மேட்ச் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்கலாம். வயிறு எதையுமே ஏற்காத நாளில்கூட ஒரு வழி உண்டு: இனிப்புத் திரவத்தை வாயில் சில நொடி வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவது. 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், சுமார் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டிய சைக்கிள் சோதனையில், மாவுச்சத்துக் கரைசலை இப்படிக் கொப்பளித்துத் துப்பியவர்களின் நேரம் வெறும் தண்ணீரால் கொப்பளித்தபோது இருந்ததைவிட 3 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட முன்னேறியது. ஒரு துளிகூட விழுங்கவில்லை. வாயில் இருக்கும் உணர்விகள் சாப்பாடு வருகிறது என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன, மூளை கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. இது கடைசி வழிதான், இதையே நம்பி இருக்காதீர்கள்.

இரண்டு மேட்சுக்கு நடுவில்தான் உங்கள் தோல்வி தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் மேட்ச் முடிந்ததும் சந்தோஷத்தில் போனைப் பார்த்துக்கொண்டு, நண்பர்களோடு பேசிக்கொண்டு, அடுத்த எதிராளியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போய்விடும். தசை மாவுச்சத்தை ரொம்ப வேகமாக உறிஞ்சும் நேரம் அதுதான். வேகமாகத் தேற வேண்டும் என்றால் முதல் சில மணி நேரத்துக்கு, மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்து தேவை, உங்களுக்கு 70, 80 கிராம். கைகுலுக்கிவிட்டு வெளியே வந்து பை அருகே உட்கார்ந்ததுமே ஒரு வாழைப்பழத்தையும் அரை லிட்டர் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கையும் தொடங்கிவிடுங்கள், அதில் 55 கிராம் வந்துவிடும், மீதிக்கு ஒன்றிரண்டு துண்டு ஜாம் ரொட்டி. அடுத்த மேட்சுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அதற்குப் பின் ஒரு நடுத்தரச் சாப்பாடு: சோறு, கூடவே கொழுப்பில்லாத கோழியோ முட்டையோ கொஞ்சம். ஒன்றரை மணி நேரம்தான் என்றால் திட உணவைக் குறைத்துக்கொண்டு திரவமும் பழமுமாகப் போங்கள். புரதத்தைப் பற்றிப் பகலில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அன்றைய ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு 20, 25 கிராம் புரதமும் நல்ல சாப்பாடும் வந்தால் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் நல்லது என்று நினைத்துச் செய்வதில் ஆபத்தும் இருக்கிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. அந்த இடத்தை வெறும் தண்ணீரால் அளவுக்குமேல் நிரப்பினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அதே போட்டியில் ஒரு இளம்பெண் இதனால் இறந்தும் போனார். நீர் குறைந்து அவதிப்படுவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள், கூடிப்போவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எவ்வளவு குடிக்கலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். கடினமான பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உங்களுக்கு 1.4 கிலோவுக்கு மேல், அதாவது எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. எடை கூடியிருந்தால் தேவைக்குமேல் குடித்திருக்கிறீர்கள்.

ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கை விலை கொடுத்து பாட்டிலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, அதாவது தலை தட்டிய ஐந்து மேசைக்கரண்டி, கால் டீஸ்பூன் உப்பு, பிடித்தால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குடல் இந்த இரண்டையும் வெவ்வேறு வாசல் வழியாக உறிஞ்சும். குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு சுமார் 60 கிராமோடு அந்த வாசல் நிரம்பிவிடுகிறது, ஃபிரக்டோஸும் சேர்ந்தால் 90 கிராம் வரை போகலாம். மாரத்தான் ஓடுகிறவர்களும் சைக்கிள் வீரர்களும் ஜெல்லில் இரண்டையும் கலந்து எடுப்பது அதனால்தான். உங்களுக்கு அந்த அளவு தேவையில்லை.

ஜெல் ஏன் வயிற்றைப் பிடித்தது? ஒரு சிறிய பாக்கெட்டில் 20, 25 கிராம் சர்க்கரை கெட்டியாக இருக்கும். தண்ணீர் சேர்க்காமல் விழுங்கினால் அதைக் கரைக்கக் குடல் உடம்பிலிருந்தே நீரை இழுக்கும். ஏற்கெனவே ஆட்டத்தின்போது ரத்தமெல்லாம் கால் தசைக்கும் தோலுக்கும் போய், குடலுக்கு வரும் ரத்தம் குறைந்திருக்கும். இந்த நிலையில் அதுவரை பார்த்தே இராத ஒன்றைக் காலிறுதியில் உள்ளே அனுப்பினால் அது வேறென்ன செய்யும்? குடலையும் பயிற்சியால் பழக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சியின்போது தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் இதே பானத்தையும் பழத்தையும் ஜெல்லையும் எடுத்தால் உறிஞ்சும் திறன் கூடும், வயிற்றுத் தொல்லை குறையும். பெரிய வீரர்களின் போட்டி நாள் உணவில் பொதுவாக இருக்கும் ஒரே விஷயம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். என்ன சாப்பிடுகிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் அன்றைக்கு அவர்கள் வாய்க்குள் போகும் எதுவும் புதிதாக இருக்காது. எலியுட் கிப்சோகே மாரத்தானில் கைநீட்டி வாங்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன இருக்கிறது, எத்தனையாவது கிலோமீட்டரில் அது வரும் என்பது முன்கூட்டியே முடிவானது, பலமுறை ஓடிப் பார்த்துப் பழகியது.

அவர்களுக்கும் தவறும். 2013 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மஞ்சள் ஜெர்ஸியோடு முன்னிலையில் இருந்த கிறிஸ் ஃபுரூம் ஆல்ப் டுவெஸ் மலை ஏற்றத்தின் கடைசி கிலோமீட்டர்களில் சக்தி தீர்ந்துபோய்க் கையை உயர்த்தினார். சக வீரர் ரிச்சி போர்ட் அணியின் காரிலிருந்து ஜெல் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தூரத்தில் உணவு வாங்க அனுமதி இல்லை என்பதால் இருவருக்கும் தலா 20 நொடி அபராதம் போட்டார்கள். உலகிலேயே சிறந்த அணி, கூடவே ஊட்டச்சத்து நிபுணர்கள், அப்படியும் சர்க்கரை தீர்ந்தால் கால் நின்றுவிடுகிறது. அதனால் மூன்றாவது கேமில் நடந்ததை வைத்து உங்களைத் தாழ்வாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் காஃபின். அது வேலை செய்யும், அதை மறைக்க மாட்டேன். ஒருகாலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை இருந்தது, 2004-ல் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், உங்களுக்குக் கீழ்க்கணக்கே 200 மில்லிகிராம். ஆனால் உடம்பில் பாதி அளவு குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், மாலை மேட்சுக்கு எடுத்தால் இரவுத் தூக்கம் போகும், மறுநாள் அரையிறுதி. கை நடுக்கமும் படபடப்பும் இருக்கிற உங்களுக்கு இப்போது அதை நான் சொல்ல மாட்டேன். காலையில் வழக்கமாகக் குடிக்கும் காபியைச் சாப்பாட்டோடு குடித்துக்கொள்ளுங்கள், அது போதும். மாத்திரை வேண்டவே வேண்டாம். காஃபினுக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த டப்பாவில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. ஊக்கமருந்துச் சோதனையில் தடைசெய்த பொருள் வந்தால் "எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது" என்பது எடுபடாது, பொறுப்பு வீரருடையது. 19 வயதில் அந்த ஆபத்தை வாங்க எந்த மாத்திரைக்கும் தகுதி இல்லை.

இன்றைக்கே சோறையும் ரொட்டியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் சில நாளில் எடை ஒன்றரை, இரண்டு கிலோ ஏறும், போன இருப்பும் தண்ணீரும்தான் திரும்பி வருகிறது, பயப்பட வேண்டாம். அடுத்த மூன்று வாரத்தில் வாரம் ஒரு நாள் பயிற்சியில் இரண்டு முழு மேட்ச் வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நாள் மாதிரியே நேரம் பார்த்துச் சாப்பிட்டு, எதை எப்போது எடுத்தீர்கள், வயிறு எப்படி இருந்தது, மூன்றாவது கேமில் கால் எப்படி இருந்தது என்று எழுதி, கோச்சிடமும் காட்டுங்கள். பானத்தின் அளவையும் நேரத்தையும் அதை வைத்து நீங்கள் இருவரும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் கை நடுக்கமும் கால் கனமும் வந்தால், அல்லது ஆடாத நாளிலும் தலைசுற்றலோ நடுக்கமோ இருந்தால், விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை, இரும்புச்சத்து, தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்வார். முடிவுகள் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள்.